பி.டி.எஃப் வேண்டாம், எக்செல் கொடுங்கள்: அரசாங்கத் தரவு கேட்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் பீடோங், சுங்கைப்பட்டாணி, கூலிம் பக்கத்துத் தோட்டங்களிலும் தாமான்களிலும் (வீடமைப்புப் பகுதிகள்) பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் கமிட்டி, குடியிருப்பாளர் சங்கம் என்று ஓடியாடுகிறவர்கள் அடிக்கடி கேட்பவை இவை. சங்கங்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பதும் கணக்கு அட்டவணை பார்த்துக் கொடுப்பதும் என் வேலை. நான் வக்கீல் இல்லை. பதில்களில் என் சொந்த அபிப்பிராயமும் கலந்திருக்கும்.

கணினி படிக்கும் வடிவம் என்றால் என்ன? திரையில் தெரிந்தால் போதாதா?

நாம் படிக்கப் போதும். கணக்குப் போடப் போதாது.

குப்பை லாரி எந்தச் சாலைக்கு எந்த நாள் வரும் என்ற அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஓர் அலுவலகம் போட்ட அப்படி ஒரு அட்டவணை என் கணினியில் இன்னும் இருக்கிறது. யாரோ எக்செல்லில் ஒழுங்காகத் தட்டியிருக்கிறார். அப்புறம் அதை அச்செடுத்து, அதிகாரி கையெழுத்துப் போட்டு, சாப் (முத்திரை) குத்தி, ஸ்கேன் செய்து, பி.டி.எஃப் ஆக்கி வலைத்தளத்தில் ஏற்றியிருக்கிறார்கள். தாள் கொஞ்சம் கோணலாக விழுந்திருக்கிறது. சாப்பின் நீல வட்டம் வியாழக்கிழமைப் பத்தியின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நம் கண்ணுக்கு அது அட்டவணை. கணினிக்கு அது வெறும் படம். ஒரு சாலையின் பெயரைத் தேடினால்கூட அகப்படாது.

ஸ்கேன் செய்யாத பி.டி.எஃப் கொஞ்சம் தேவலாம், ஆனால் அதுவும் தொல்லைதான். அட்டவணையை நகலெடுத்து ஒட்டினால் இரண்டு வரியில் இருந்த சாலைப் பெயர் இரண்டு சாலையாகிவிடும், எண்கள் பக்கத்துப் பத்திக்குத் தாவிவிடும். அரிசியும் உளுந்தும் தனித்தனியாக இருந்தால் எந்தப் பலகாரமும் செய்யலாம். ஒன்றாக அரைத்த பிறகு பிரித்துக் கொடு என்றால் யாரால் முடியும்?

எக்செல், சி.எஸ்.வி (கமா போட்டுப் பிரித்த எளிய எழுத்துக் கோப்பு), ஜேசன் போன்ற கோப்புகளில் ஒவ்வொரு எண்ணும் தன் கட்டத்திலேயே இருக்கும். வடிகட்டலாம், கூட்டலாம், போன வருடத்துக் கணக்கோடு ஒப்பிடலாம். இந்த மூன்றில் சாதாரண ஆளுக்கு சி.எஸ்.வி போதும். எந்தக் கணினியும் திறக்கும், காசு கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை.

அலுவலகத்தில் அப்படி ஒரு கோப்பு இருக்கும் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

மேலே சொன்ன அட்டவணையைப் பாருங்கள். பி.டி.எஃப் ஆவதற்கு முன்பு அது எக்செல்தான். அரசாங்க அட்டவணைகள் முக்கால்வாசி அப்படித்தான் பிறக்கின்றன. அதனால் “புதிதாகத் தரவு தயாரித்துக் கொடுங்கள்” என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் பட்ஜெட், ஆள், கூட்டம் என்று பேச்சு வளரும். “இந்த பி.டி.எஃப் எந்தக் கோப்பிலிருந்து வந்ததோ, அந்தக் கோப்பையும் பக்கத்திலேயே ஏற்றுங்கள்” என்று கேளுங்கள். கிளார்க்குக்கு அது கூடுதல் வேலையே இல்லை, ஸ்கேன் செய்யும் நேரமும் மிச்சம். மற்ற எந்த வாதத்தைவிடவும் இதுதான் எடுபடுகிறது.

அரசாங்கம் ஏற்கெனவே வெளியிட்டிருப்பது என்னென்ன?

கடிதம் எழுதுவதற்கு முன் அவசியம் பார்க்க வேண்டிய இடம், அரசாங்கத்தின் திறந்த தரவுத் தளமான டேட்டா.கவ்.மை (data.gov.my). சி.எஸ்.வியாகவும், பெரிய அட்டவணைகளுக்கான பார்க்கே வடிவிலும் கோப்புகள் கிடைக்கும். நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு, நிரலிலிருந்தே தரவை நேரடியாக எடுக்கும் ஏ.பி.ஐயும் உண்டு. பெரும்பாலான தரவுகளுக்கு உரிமம் தாராளமானது. யாரிடமிருந்து எடுத்தோம் என்று குறிப்பிட்டுவிட்டு எடுத்தாளலாம், மறுபடி வெளியிடலாம்.

நம் வட்டாரத்துக்கு உதவுகிறவை என்று பார்த்தால், மாவட்ட வாரியாக மக்கள்தொகை இருக்கிறது. வயது, பால், இனம் எல்லாம் பிரித்திருப்பார்கள். கோல மூடா மாவட்டத்தில் 5 முதல் 9 வயது வரை எத்தனை இந்தியப் பிள்ளைகள் என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: அந்தக் கோப்பில் எண்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். 3.2 என்றால் 3,200 பேர். இதைக் கவனிக்காமல் “நம் மாவட்டத்தில் மூன்றே பிள்ளைகள்தானா!” என்று வாட்ஸ்அப்பில் பரப்பிவிடாதீர்கள்.

பெட்ரோல், டீசல் வாராந்திர விலை உண்டு. மாவட்ட வாரியாகக் குடும்ப வருமானம் உண்டு. சுங்கைப்பட்டாணியில் நிற்கும் கொமுட்டர் உட்பட கே.டி.எம் ரயில்களின் கால அட்டவணையும் கணினி படிக்கும் வடிவில் உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது பிரைஸ்கேட்சர். உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சு கடைகளிலும் சந்தைகளிலும் எடுக்கும் விலைகள் அதில் இருக்கின்றன: எந்தக் கடை, எந்தப் பொருள், எந்தத் தேதி, என்ன விலை. மாதத்துக்கு ஒரு கோப்பு. பொருளுக்கும் கடைக்கும் குறியீட்டு எண்தான் இருக்கும். பெயர் வேறு இரண்டு கோப்புகளில் இருக்கும், சேர்த்துப் பார்க்க வேண்டும். கோழி விலை ஏறிவிட்டது என்று காப்பிக் கடையில் சண்டை போடுவதற்குப் பதில் இதைத் திறந்து காட்டலாம்.

இந்தத் தளத்தில் கிடைக்காதது எது என்றால், நம் கைக்கு எட்டும் தூரத்துச் சமாச்சாரங்கள்தான். தெருவிளக்குப் புகார், குப்பை அட்டவணை, கால்வாய் தூர் வாரிய தேதி, சாலை டெண்டர், சிறுவர் பூங்காப் பராமரிப்பு. மத்திய அரசாங்கம் ஓரளவு திறந்துவிட்டது. ஊராட்சி மன்றங்களும் (நகராண்மைக் கழகம் போன்றவை) மாவட்ட அலுவலகங்களும்தான் பாக்கி.

பொதுமக்கள் கேட்டு எப்போதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது, நாடே பார்த்தது. கோவிட் காலத்தின் முதல் ஒரு வருடத்துக்கும் மேலாக, சுகாதார அமைச்சின் எண்கள் பத்திரிகை அறிக்கையாகவும் படமாகவும்தான் வந்தன. ஆர்வலர்கள் தினமும் உட்கார்ந்து அந்தப் படங்களைப் பார்த்துக் கையால் தட்டி அட்டவணை ஆக்கினார்கள். தரவைத் திறந்து விடுங்கள் என்று மருத்துவர்கள், ஆய்வாளர்கள், பத்திரிகையாளர்கள் விடாமல் கேட்டார்கள். 2021 ஜூலையில் சுகாதார அமைச்சும் தடுப்பூசிப் பணிக்குழுவும் நிரலாளர்கள் கோப்புகளைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் அன்றாடத் தரவை சி.எஸ்.வியாக ஏற்றத் தொடங்கின. அதற்கப்புறம் வரைபடம் போடவும் மாநில நிலவரத்தை ஒப்பிடவும் யார் வேண்டுமானாலும் கிளம்பிவிட்டார்கள்.

அந்தத் தரவில் அவ்வப்போது பிழைகளும் இருந்தன. பொதுமக்கள் சுட்டிக்காட்ட, திருத்தினார்கள். அதிகாரிகளிடம் பேசும்போது இதைச் சொல்லுங்கள். பிழை வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று பயப்படுகிறவர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் உதாரணம் இது.

தகவல் கேட்க எனக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறதா?

எந்த மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சுங்கை மூடாவைத் தாண்டினால் பினாங்கு. அங்கே 2010ஆம் ஆண்டின் தகவல் சுதந்திரச் சட்டம் உண்டு. சிலாங்கூரில் 2011ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. அங்கெல்லாம் மாநில இலாகாவிடம் படிவம் போட்டுத் தகவல் கேட்கலாம். கெடாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருக்கிற பாவத்துக்கு நாம் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

ஆனாலும் கையில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. பொதுத்துறையில் திறந்த தரவை நடைமுறைப்படுத்துவது பற்றி 2015ஆம் ஆண்டின் பொதுச் சுற்றறிக்கை எண் 1 வந்தது. அதைக் கடிதத்தில் குறிப்பிடலாம். சுற்றறிக்கை சட்டத்துக்குச் சமமில்லை என்பது உண்மைதான். ஆனால் அரசாங்க ஊழியர்களுக்குச் சுற்றறிக்கை எண்ணைக் கண்டால் ஒரு மரியாதை. எண் போட்ட கடிதத்தைத் தூக்கி ஓரமாக வைக்க யோசிப்பார்கள்.

இன்னொன்று, 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம், அதாவது சட்டம் 171. அதன் 23ஆம் பிரிவுப்படி, மன்றம் வேறுவிதமாகத் தீர்மானித்தால் ஒழிய, மன்றக் கூட்டங்கள் பொதுமக்களுக்கும் பத்திரிகைக்கும் திறந்தவை. எத்தனை பேர் போய் உட்கார்ந்திருக்கிறோம்? கூட்டத்தில் விநியோகிக்கும் அட்டவணைகளைப் பார்த்தாலே அவர்களிடம் என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று விளங்கிவிடும்.

2025இல் நடப்புக்கு வந்த தரவுப் பகிர்வுச் சட்டத்தைச் சிலர் ஆவலோடு விசாரிக்கிறார்கள். அது மத்திய அரசாங்க இலாகாக்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வதற்கு. நமக்கு அதில் வழி கிடையாது.

அதிகாரிகள் ஏன் இவ்வளவு தயங்குகிறார்கள்? ஏதாவது மறைக்கிறார்களா?

சிலர் மறைக்கலாம். பெரும்பாலானவர்களுக்குப் பயம்.

அந்தப் பயத்துக்குக் காரணமும் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் அதிகாரத்துவ இரகசியச் சட்டம் எல்லாருக்கும் தெரியும். அதற்கு மேல் தண்டனைச் சட்டத்தில் 203ஏ பிரிவு ஒன்று உண்டு. பணியில் இருக்கும்போது தெரிந்துகொண்ட தகவலை வெளியிட்டால் 10 இலட்சம் ரிங்கிட் வரை அபராதம், ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டுமே. முகப்பில் உட்கார்ந்திருக்கும் கிளார்க்கிடம் போய் “அந்தப் பைலை மட்டும் என் பென்டிரைவில் போட்டுக் கொடுங்க என்சிக்” என்று கேட்டால் அவர் முகம் மாறுவது நியாயம்தான். அவரை அந்த நிலைமைக்குத் தள்ளாதீர்கள். அனுமதி கொடுக்கும் அதிகாரம் உள்ளவரிடம், எழுத்தில், வெளிப்படையாகக் கேளுங்கள். கிளார்க்கைப் பொறுத்தவரை மேலிடத்துக் கையெழுத்து வந்துவிட்டால் எல்லாம் சுலபம்.

குப்பை லாரி அட்டவணை இரகசியமா என்று கேட்டால், யாரும் அதில் “சுலிட்” (இரகசியம்) என்றோ “தெர்ஹாட்” (வரையறுக்கப்பட்டது) என்றோ முத்திரை குத்தவில்லை. ஏற்கெனவே பி.டி.எஃப் ஆக வலைத்தளத்தில் கிடக்கிறது. வெளியே வந்துவிட்ட தகவலை வேறு வடிவில்தான் கேட்கிறோம் என்று கடிதத்தின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

யாரிடம் கேட்பது? சட்டமன்ற உறுப்பினரிடமே போய்விடலாமா?

முதலில் தரவு யார் கையில் என்று பாருங்கள். நிலம், ஊராட்சி மன்றம் இரண்டும் மாநில அரசாங்கத்தின் கீழ். பள்ளிக்கூடம், கிளினிக் மத்திய அரசாங்கத்தின் கீழ். நிலவரிக் கணக்கை நகராண்மைக் கழகத்திடம் கேட்டால் நில அலுவலகத்துக்குப் போகச் சொல்வார்கள், அதில் ஒரு மாதம் போய்விடும்.

ஊராட்சி மன்றம் என்றால் கடிதம் மன்றத் தலைவர் பெயருக்கு, நகல் அந்த வட்டார மன்ற உறுப்பினருக்கு. மன்ற உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, இப்போது மாநில அரசாங்கம்தான் நியமிக்கிறது. ஆனாலும் நம் ஆள் ஒருவர் உள்ளே இருந்தால் கூட்டத்தில் கேள்வி எழுப்ப முடியும், அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். சட்டமன்ற உறுப்பினரைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எடுத்தவுடனே அரசியல்வாதியைக் கூட்டிக்கொண்டு போனால் அதிகாரி இதை அரசியலாகப் பார்த்துவிடுவார், அப்புறம் ஆட்சி மாறினால் கோப்பும் நின்றுவிடும்.

கடிதத்தில் என்ன எழுதுவது?

மலாயில், ஒரு பக்கத்துக்குள், சங்கத்தின் கடிதத் தாளில். தனியாள் எழுதுவதற்கும் பதிவு பெற்ற சங்கம் எழுதுவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. சாரம் இப்படி இருந்தால் போதும்:

“தங்கள் வலைத்தளத்தில் இந்தத் தலைப்பில், இந்தத் தேதியில் ஓர் அட்டவணை பி.டி.எஃப் வடிவில் உள்ளது. அதன் மூலக் கோப்பை எக்செல் அல்லது சி.எஸ்.வி வடிவிலும் அதே பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறோம். எங்கள் குடியிருப்பாளர்களுக்குக் குப்பை எடுக்கும் நாளை முன்கூட்டியே நினைவூட்ட இதைப் பயன்படுத்துவோம். இதில் தனிநபர் விவரம் எதுவும் இல்லை. 2015ஆம் ஆண்டின் பொதுச் சுற்றறிக்கை எண் 1 இதற்கு வழி செய்கிறது. தாங்கள் நியமிக்கும் அதிகாரியை நேரில் சந்தித்து விளக்கத் தயாராக உள்ளோம்.”

ஒரு கடிதத்தில் ஒரே கோப்புதான். பத்துப் பதினைந்து தலைப்புகளைப் பட்டியல் போட்டு எழுதும் ஆசை எல்லாருக்கும் வரும். அப்படி எழுதினால் கடிதம் பல பிரிவுகளுக்குப் பிரிந்து போகும், ஒவ்வொருவரும் மற்றவர் பதில் போடட்டும் என்று காத்திருப்பார்கள். எதற்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்ற வரி ரொம்ப முக்கியம். “வெளிப்படைத்தன்மை”, “ஊழல் ஒழிப்பு” என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும், படிக்கிறவர் உஷாராகிவிடுவார்.

எக்செல் கொடுத்தார்கள், ஆனால் அதுவும் தாறுமாறாக இருக்கிறது. என்ன சொல்லித் திருப்பி அனுப்புவது?

முதலில் நன்றி சொல்லுங்கள். பிறகு இரண்டு மூன்று திருத்தம் மட்டும் கேளுங்கள்.

நான் எப்போதும் முதலில் பார்ப்பது அஞ்சல் குறியீடு. பீடோங் 08100, சுங்கைப்பட்டாணி 08000, கூலிம் 09000. எக்செல் இதை எண் என்று நினைத்து முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தின்றுவிடும். 8100 என்று நிற்கும். பேராக்கிலோ ஜொகூரிலோ இந்தப் பிரச்சினை வராது, கெடா, பெர்லிஸ்காரர்களுக்கு மட்டும் இந்தத் தலைவலி. எண்களைத் தட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை எழுத்து வகை என்று மாற்றினால் தீர்ந்தது.

அடுத்தது தேதி. 03/04/2025 என்பது நமக்கு ஏப்ரல் 3. அமெரிக்க முறையில் அமைத்த கணினிக்கு மார்ச் 4. 2025-04-03 என்று ஆண்டை முன்னால் போடச் சொல்லுங்கள். அப்புறம் இடப்பெயர். ஒரே கோப்பில் “சுங்கை” ஓரிடத்தில் முழுதாகவும் இன்னோரிடத்தில் சுருக்கமாகவும் இருக்கும், “லாடாங்” கதையும் அதேதான். கணினி அவற்றை வெவ்வேறு ஊர் என்று எண்ணிவிடும். எழுத்துக்கூட்டல் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரே மாதிரி இருக்கட்டும்.

கட்டங்களை ஒன்றாகச் சேர்ப்பது, நடுவில் மொத்தக் கணக்கு வரி போடுவது, “சிவப்பு நிறம் என்றால் இன்னும் சரிசெய்யவில்லை” என்று நிறத்தில் அர்த்தம் வைப்பது, இவையும் வேண்டாம். சி.எஸ்.வி ஆக்கும்போது நிறமெல்லாம் போய்விடும்.

தமிழ்ப்பள்ளி மாணவர் எண்ணிக்கையை வெளியே விட்டால், பிள்ளைகள் குறைவு என்று காட்டி மூடிவிட மாட்டார்களா?

இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டதும் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனை) மாறியதும் ஆட்கள் பட்டணத்துக்குப் போனதும் எந்தப் பள்ளியைப் பாதித்தது என்று நமக்குத் தெரியும். 150 மாணவருக்குக் கீழே போனால் கல்வி அமைச்சின் கணக்கில் அது குறைந்த மாணவர் கொண்ட பள்ளி.

ஆனால் யோசித்துப் பாருங்கள். அமைச்சிடம் அந்த எண் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளிக்கும், ஒவ்வொரு வருடத்துக்கும் இருக்கிறது. நாம் கேட்காவிட்டால் முடிவெடுக்கிறவர்கள் கையில் மட்டும் அது இருக்கும். பள்ளியை மக்கள் குடியேறிய தாமானுக்கு இடம் மாற்றுங்கள் என்று கேட்கப் போகும் பெற்றோர் ஆசிரியர் சங்கம், எந்தத் தாமானில் எத்தனை பிள்ளைகள், பக்கத்துப் பள்ளியில் எவ்வளவு நெருக்கடி என்று காட்ட வேண்டும். வெறும் உணர்ச்சியோடு போனால் டீ கொடுத்து அனுப்பிவிடுவார்கள். எண் வெளியே வருவதால் வரும் ஆபத்தைவிட எண்ணில்லாமல் பேசப் போவதில் இருக்கும் ஆபத்துதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வேறு மாதிரி நினைக்கும் தலைமையாசிரியர்களும் உண்டு. அவர்களைக் கலக்காமல் கடிதம் போடாதீர்கள்.

யார் யாருக்கு உதவித்தொகை கிடைத்தது என்ற பட்டியலைக் கேட்கலாமா?

கூடாது. பெயர், ஐ.சி (அடையாள அட்டை) எண், முகவரி, நோய், குடியுரிமைத் தகுதி எதுவும் வேண்டாம். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மத்திய, மாநில அரசாங்கங்களைக் கட்டுப்படுத்துவதில்லை. அதனால் நாமே கவனமாக இருக்க வேண்டும்.

பெயர் இல்லாவிட்டாலும் ஆபத்து உண்டு, குறிப்பாகத் தோட்டத்தில். ஒரு டிவிஷனில் (தோட்டப் பிரிவில்) இருபது குடும்பம். “காசநோய்: 1” என்று அந்த டிவிஷன் பெயரோடு அட்டவணையில் வந்தால், மாலைக்குள் லயம் முழுக்க யார் என்று தெரிந்துவிடும். பிறப்புப் பத்திரம் இல்லாதவர்கள், நீல ஐ.சி (குடிமக்களுக்கான அடையாள அட்டை) கிடைக்காதவர்கள் கணக்கும் அப்படித்தான். சின்ன எண்களை மறைத்து “5க்குக் குறைவு” என்று போடச் சொல்லுங்கள், அல்லது மாவட்ட அளவில் மட்டும் கேளுங்கள். இதை நீங்களே கடிதத்தில் முன்வைத்தால் அதிகாரிக்கு உங்கள் மேல் நம்பிக்கை வரும்.

தோட்டக் கம்பெனியிடம் இருக்கும் கணக்கைக் கேட்க முடியுமா?

கம்பெனி கணக்கு அரசாங்கத் தரவு ஆகாது. கிராணி (தோட்டக் கணக்கர்) கொடுக்க மாட்டார், கொடுக்கவும் கூடாது. ஆனால் தொழிலாளர் குடியிருப்புக்கு 1990ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது சட்டம் 446 இருக்கிறது. அதன்படி தொழிலாளர் இலாகா செய்யும் சோதனைகள் அரசாங்க வேலை. எந்த மாவட்டத்தில் எத்தனை சோதனை, எத்தனை நோட்டீஸ் என்ற தொகுப்புக் கணக்கைக் கேட்கலாம்.

பதிலே வரவில்லை என்றால்?

வராமல் இருப்பதுதான் வழக்கம். சில வாரம் கழித்து முதல் கடிதத்தின் தேதியையும் தலைப்பையும் போட்டு நினைவூட்டல். அதற்கும் இல்லை என்றால் நேரில் போய், கடிதம் எந்தப் பிரிவில், எந்த அதிகாரி மேசையில் இருக்கிறது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கோபம் வேண்டாம். அப்படியும் நகரவில்லை என்றால் மன்ற உறுப்பினர், பிறகு சட்டமன்ற உறுப்பினர். பத்திரிகைக்குப் போவது கடைசி. போய்விட்டால் அந்த அலுவலகத்தோடு பழைய உறவு இருக்காது.

அதிகாரி மாறிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. புதியவரைப் பார்க்கப் போகும்போது, இன்னொரு மன்றமோ இலாகாவோ அதே மாதிரித் தரவை வெளியிட்டிருக்கும் பக்கத்தை அச்செடுத்துக் கொண்டு போங்கள். “முதல் ஆளாக நான் ஏன்” என்பது அரசாங்க அலுவலகத்தில் பெரிய கேள்வி.

காசு கேட்டால் கொடுக்கலாமா?

ரசீதோடு அதிகாரப்பூர்வக் கட்டணம் என்றால் கொடுக்கலாம். ரசீது இல்லை என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கோப்பு கிடைத்துவிட்டது. அடுத்து என்ன?

உடனே பயன்படுத்துங்கள், பயன்படுத்தியதை அவர்களிடமே காட்டுங்கள். குப்பை அட்டவணையைத் தாமான் வாரியாகப் பிரித்து, லாரி வருவதற்கு முந்தின இரவு வாட்ஸ்அப் குழுவில் நினைவூட்டல் போட ஒரு கல்லூரிப் பிள்ளை போதும். கணினி பக்கமே போகாத பாட்டிக்கும் அந்தச் செய்தி போய்ச் சேரும். மூன்று மாதம் ஓடிய பிறகு, புகார் குறைந்ததா, எந்தச் சாலையில் லாரி அடிக்கடி தவறுகிறது என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கோப்பு கொடுத்த அதிகாரியிடம் கொடுங்கள். அவர் அதைத் தன் மேலதிகாரியிடம் காட்டுவார். இரண்டாவது கோப்புக்கான கடிதத்தை அந்த வாரமே கொண்டு போய்க் கொடுங்கள், அதே மாதிரி ஒரு பக்கத்தில்.